பேர் கேட்டால் முப்பத்தெட்டு

தொண்டையில் இருந்த குழாயை மூடி எனக்குப் பேச்சு வந்த முதல் நாள், நர்ஸ் என்னிடம், "உங்க பேர் என்னம்மா, சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். நான் யோசிக்கவே இல்லையாம். "முப்பத்தெட்டு. எடது காணோம்" என்று சொன்னேனாம். நர்ஸ் சிரித்துவிட்டு என் மகள் திவ்யாவைத் திரும்பிப் பார்த்தாராம். திவ்யாவுக்கு அது புரிந்திருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. வெளியே போய் அழுதிருக்கிறாள்.

ஷூ கம்பெனியில் வேலை செய்கிற எவருக்கும் புரியும். ஒரு ஜோடியை நாங்கள் ‘பேர்’ என்றுதான் சொல்வோம். இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனால் எங்கள் வாயில் எப்போதோ தமிழாகிவிட்டது. "இன்னிக்கு எத்தினி பேர் முடிச்சே?" என்று கேட்டால் ஆட்களை எண்ணவில்லை, ஷூக்களை எண்ணுகிறோம் என்று அர்த்தம். முப்பத்தெட்டு என்பது சைஸ். பாவம், அந்த நர்ஸ் என் பெயரைக் கேட்டார், நான் வேலைக் கணக்கு சொல்லியிருக்கிறேன்.

இதை இப்போது வேடிக்கையாகச் சொல்கிறேன். ஐசியுவிலிருந்து உயிரோடு வந்தவர்களைப் பார்த்து எல்லோரும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "கடவுள் காப்பாத்திட்டாரு, இனிமே ஒண்ணுமில்ல." காப்பாற்றினார், சரி. இனிமே ஒன்றுமில்லை என்பது மட்டும் பொய். அந்தப் பொய்யை நானும் சேர்ந்து சொன்னேன். அதனால் இன்னொருத்தி தலைகுனிந்தாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் விஜயா. வயது நாற்பத்து மூன்று. மாதனூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். காலையில் கம்பெனி பஸ் ரோட்டு முனைக்கு வரும், ஏறினால் ஆம்பூர் பக்கம் கம்பெனியில் இறக்கிவிடும். பன்னிரண்டு வருடமாகக் கடைசி செக்கிங்கில் ஜோடி சேர்க்கிற வேலை. லைனில் இடது தனியாக, வலது தனியாக வரும். சைஸ் பார்க்க வேண்டும், நிறம் பார்க்க வேண்டும். ஒரே கறுப்பிலேயே நாலு கறுப்பு உண்டு. தோலின் மேல்பக்கத்து வரி இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். சேர்த்து, துடைத்து, நம் நம்பர் போட்ட சிலிப்பை வலது ஷூவுக்குள் வைத்து, டப்பாவை மூட வேண்டும். பின்னால் ஏதாவது தப்பு வந்தால் யார் பார்த்தது என்று அந்தச் சிலிப் காட்டிக் கொடுக்கும். என் நம்பர் பதினாலு. பன்னிரண்டு வருடத்தில் பதினாலு நம்பர் திரும்பி வந்ததில்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் ஆடித்தான் இருந்தேன். புதிதாக வந்த பெண்கள் தடுமாறினால், "கண்ணு இருக்குதா, இல்ல பட்டனா?" என்று கேட்பேன்.

எனக்கு அடுத்த இடம் நிர்மலாவுடையது. பதினைந்தாம் நம்பர். என்னைவிடப் பதினாலு வயது சின்னவள், நான்தான் வேலை கற்றுக் கொடுத்தேன். வேகமும் உண்டு, பொறுமையும் உண்டு. அடுத்த லைன் லீடர் அவள்தான் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார்.

காய்ச்சல் வந்தபோது ஷிப்மென்ட் நேரம். மெடிக்கல் ஷாப் மாத்திரையை முழுங்கிவிட்டு மூன்று நாள் வேலைக்குப் போனேன். நாலாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்க முடியவில்லை. மூச்சு மேலேயே நின்றது. என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அந்த ஆட்டோவிலேயே கொண்டுபோனார். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இங்க வெச்சுக்க முடியாது, வேலூர் கொண்டு போயிடுங்க" என்றார். அதற்குப் பிறகு எனக்கு நினைவில் இருப்பது ஆம்புலன்ஸின் மேல்கூரை மட்டும்.

நிமோனியா, அதிலிருந்து செப்சிஸ் என்றார்களாம். கிருமி நுரையீரலோடு நிற்காமல் ரத்தம் வரைக்கும் போய், உடம்பு முழுக்கத் தத்தளிப்பதற்குப் பெயர் செப்சிஸ். பத்தொன்பது நாள் ஐசியு. அதில் பதினாலு நாள் எனக்காக மெஷின் மூச்சு விட்டது, அதுதான் வென்டிலேட்டர். முதலில் வாய் வழியாகக் குழாய். நாள் கூடியதும் கழுத்தின் முன்பக்கம் சின்னதாகத் துளை போட்டு அதன் வழியாகக் குழாய். இதற்கு டிரக்கியாஸ்டமி என்று பெயர். அந்தக் குழாய் இருக்கிறவரை காற்று குரல்வளைக்குப் போகாது, அதனால் பேச்சு வராது.

அந்தப் பத்தொன்பது நாளும் என் வீட்டுக்காரரும் திவ்யாவும் வெளியே காத்திருக்கும் ஹாலில் இரும்பு நாற்காலியில் இருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டால் ஓட வேண்டும். மருந்துச் சீட்டா, கையெழுத்தா, வேறு ஏதாவதா என்று தெரியாது. ஒலிபெருக்கி கரகரத்தாலே அப்பா எழுந்து நின்றுவிடுவார், அது யார் பெயராக இருந்தாலும் என்று திவ்யா சொன்னாள். பில்லைப் பற்றி அவர் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்க வெட்கம்.

நிர்மலா ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வேலூருக்கு வந்திருக்கிறாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வருவாளாம். திவ்யாவைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட வைப்பாள். சூப்பர்வைசர் பாபுவிடம், "அக்கா வருவாங்க சார், அவங்க எடத்த யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவைத்தவளும் அவள்தான். எனக்காக மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்திருக்கிறாள். நான் சாமி கும்பிடுகிறவள், அவள் சர்ச்சுக்குப் போகிறவள். பக்கத்துப் பக்கத்து மேஜையில் அதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

உள்ளே நான் வேறு ஒரு உலகத்தில் இருந்தேன். டெலிரியம் என்று சொல்கிறார்கள். கடுமையான நோயும் மயக்க மருந்தும் தூக்கமில்லாமையும் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடுவது. கனவு என்று நினைக்காதீர்கள், கனவு கலைந்துவிடும். எனக்கு அது ஐசியுவாகத் தெரியவில்லை, எங்கள் பேக்கிங் ஹாலாகத் தெரிந்தது. கம்பெனியில் டப்பா மேல் ஸ்கேனரை வைத்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். இங்கே மானிட்டரும் அதையே சொன்னது. கட்டில்களில் இருந்தவர்களை ஜோடி சேர்க்கிறார்கள், என் இடது காலைக் கழற்றி வேறு யாருக்கோ போட்டுவிட்டார்கள், என்னைக் கழித்த ஷூக்களின் குவியலில் போடப்போகிறார்கள் என்று நம்பினேன். காலைக் காப்பாற்றத்தான் நான் உதைத்தேன். குழாயைப் பிடுங்கப் போனதால் கையைத் துணியால் கட்டினார்கள். கட்ட வந்த நர்ஸின் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன்.

இது எனக்குத் தெரிந்தபோது நான் வார்டுக்கு வந்திருந்தேன். அந்த நர்ஸ் ஒருநாள் எட்டிப்பார்த்தார். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பெண். மணிக்கட்டில் பல் தடம் மங்கலாக இருந்தது. "நீங்களா கடிச்சீங்க? உங்க சீக்குதான் கடிச்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாள் கொடுத்துப் படித்தும் காட்டினார்கள். என் தலையில்தான் ஏறவில்லை. படுத்தே கிடந்ததில் சதை கரைந்துபோயிருந்தது. தொடையை ஒரு கையால் பிடித்துவிடலாம். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. பாத்ரூமுக்கு என் வீட்டுக்காரர் தூக்கிப்போய் உட்கார வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் முன்னால் நான் சேலை கூட மாற்றினதில்லை. அவர் கழுவிவிட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். "நீ எனக்குச் செய்யமாட்டியா? பேசாம இரு" என்று அதட்டுவார். அந்த அதட்டல்தான் எனக்கு ஆறுதல்.

தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. குக்கர் விசில் அடித்தால் உடம்பு வியர்த்துக் கொட்டியது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அடுப்பில் பால் வைத்தால், பால் வைத்ததே போய்விடும். திவ்யா ஒரு விஷயம் சொல்லி முடிப்பதற்குள் அதன் தொடக்கம் கையை விட்டு நழுவும். டி.வி. நாடகத்தில் யாருக்கு யார் அம்மா என்று குழம்பும். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. கால் வராவிட்டால் அது சீக்கு. மூளை வராவிட்டால் பைத்தியம் என்பார்கள் என்று பயம்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு டாக்டரம்மா பரீட்சை மாதிரி ஒன்று வைத்திருந்தார். ஐந்து வார்த்தை சொல்வார், கொஞ்ச நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்பார். ஐந்தே முக்கால் மணி காட்டும் கடிகாரம் வரையச் சொல்வார். கண்ணாடி, வாழை, பள்ளிக்கூடம், கம்பளி, நீலம். அன்று எனக்கு வாழை மட்டும்தான் வந்தது. கடிகாரத்தில் எல்லா எண்களும் ஒரே பக்கம் போய் ஒண்டிக்கொண்டன. பக்கத்தில் இருந்த திவ்யா அந்த ஐந்தையும் போனில் குறித்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று நல்லெண்ணம்.

மூன்று மாதத்தில் அந்த ஐந்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மாதிரி ஆக்கிவிட்டேன். கறிவேப்பிலை உருவும்போதும் சொல்வேன், குளிக்கும்போதும் சொல்வேன். பழைய நோட்டில் ஐந்தே முக்கால் காட்டும் கடிகாரமாகப் போட்டுத் தள்ளினேன். வேறு ஐந்து வார்த்தை யாராவது கொடுத்திருந்தால் இரண்டுகூட நிற்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். திவ்யாவே ஒருநாள் வேறு வார்த்தைகள் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

"ம்மா, இது சரியா வரலியேம்மா. டாக்டர்கிட்ட சொல்லிடலாம்" என்றாள்.

"நீ பேஜார் பண்ணாத. வேலைக்குப் போனா எல்லாம் தானா வந்துடும்" என்றேன்.

மூன்றாம் மாதம் போனபோது டாக்டரம்மாவிடம் அதே தாள், அதே வார்த்தைகள். அவர் வாயைத் திறக்கும்போதே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஐந்துக்கு ஐந்து சொன்னேன். வேகமாகச் சொன்னால் சந்தேகம் வந்துவிடுமே என்று கம்பளிக்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பதுபோல நடிக்கவும் செய்தேன். டாக்டரம்மா சந்தோஷத்தில் மேஜையைத் தட்டி, "பிரமாதம்! ஞாபகமெல்லாம் எப்படி இருக்கு, தடுமாற்றம் எதுவும் உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டரம்மா, நல்லா இருக்கேன்" என்றேன். வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பின்னால் நின்ற திவ்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அப்படிச் செய்தேன்? இடம் போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது, பதினாலாம் நம்பர் விஜயா கீழே இறங்கிவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்ற வீம்பு.

முதல் நாள் பஸ் படி ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். நிர்மலாதான் பின்னாலிருந்து தூக்கிவிட்டாள். ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். மேஜையில் உட்கார்ந்து இடது ஷூவை எடுத்தேன். உள்ளே முப்பத்தெட்டு. கீழே வைத்துவிட்டு வலதைத் தேடக் கை நீட்டினேன். அதற்குள் என்ன நம்பர் பார்த்தேன் என்பது போய்விட்டது. மறுபடி இடதை எடுத்தேன். மறுபடி போயிற்று. பக்கத்து மேஜையில் ஸ்கேனர் ‘பீப்’ என்றது. நான் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சத்தியமாக, குனிந்து பார்த்தேன்.

இரண்டு நாளில் நிர்மலா கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாக்கா, வாய்க்குள்ள முணுமுணுத்துக்கினே இருக்கிற?"

"ஒண்ணுமில்லடி. கொஞ்சம் தடுமாறுது. ஒரு மாசத்துல சரியாயிடும். யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் சொல்லவில்லை. தன் கையால் முடித்த ஜோடிகளில் சிலவற்றுக்கு என் பதினாலு நம்பர் சிலிப்பை வைத்து என் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதுவார்கள், என் எண்ணிக்கை குறைந்தால் பாபு வந்து நிற்பார். ஆனால் அப்படிச் செய்தால் அவள் எண்ணிக்கை குறையுமே? அதனால் நான் மெதுவாக முடித்தவற்றில் அவளுடைய பதினைந்து நம்பர் சிலிப்பை வைத்து அவள் அடுக்கில் சேர்த்தேன். என் தடுமாற்றத்துக்கு அவள் பெயர், அவள் கவனத்துக்கு என் பெயர். அப்போது இதை இப்படி யோசிக்கவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பிறகு ஒரு மத்தியானம் வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் வந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு டப்பாவில் இடது முப்பத்தெட்டு, வலது முப்பத்தொன்பது. இன்னொன்றிலும் அப்படியே. மூன்றாவதில் இரண்டும் இடது. மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பினார்கள். ஹால் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தோம். தப்பாக இருந்த எல்லாவற்றிலும் சிலிப் பதினைந்து.

பாபு அந்த ஷூக்களை நிர்மலாவின் மேஜையில் கொட்டினார். "லைன் லீடர் ஆகப்போறவ பண்ற வேலையா இது? ரெண்டு எடது! கண்ணு தெரியலியா உனக்கு?"

நிர்மலா அந்த இரண்டு இடது ஷூக்களையும் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் கையில் இருந்த ஷூவின் வாரை இழுத்து இழுத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் போட்டிருந்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்க முடியாமல் தவித்தவள் நான். இப்போது குரல் இருந்தது, தொண்டை திறந்திருந்தது. பேசவில்லை.

"கவனிக்கல சார்" என்றாள் நிர்மலா.

"வீட்டுக்குப் போ. கூப்பிட்டு அனுப்பினா வா."

அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். வாசல்வரை போய்க் காலணியை மாட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்திலாவது எழுந்திருக்கலாம். எழவில்லை.

மறுநாள் பஸ் அவள் ஸ்டாப்பில் நின்றபோது அவள் அங்கே நின்றிருந்தாள். வேலைக்குப் போகிற சேலையில் இல்லை. ஏறவும் இல்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். நான் செருப்பு வாரைச் சரி செய்கிறவள்போலக் கீழே குனிந்துகொண்டேன். அடுத்த நாளும் நின்றாள், அடுத்த நாளும் குனிந்தேன். நாலு நாள். வாழ்க்கையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் எனக்கு ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. திவ்யாவோடு போனேன். காத்திருக்கும் ஹாலில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர் என்னைப்போலவே ஐசியுவில் இருந்து வந்தவர், நல்ல உயரமான விவசாயி. அவர் மனைவி பக்கத்தில் இருந்தவர்களிடம் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவுருக்கு மோட்டார் போட்டா நிறுத்தணும்னு ஞாபகம் இல்ல. இப்ப நான்தான் போறேன். ரெண்டு வாட்டி பயிரு தண்ணில மெதந்துச்சு, அப்புறம்தான் புரிஞ்சுது." அந்த மனுஷன் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிதந்தது அவர் பயிர், அவர் நிலம். நான் மூழ்கடித்தது அடுத்தவளுடையதை.

டாக்டரம்மா தாளை எடுத்தார். அவர் முதல் வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே நான் ஐந்தையும் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் பேனாவோடு நிமிர்ந்தார்.

"மனப்பாடம் டாக்டரம்மா. போன தடவையும் மனப்பாடம்தான். எனக்கு ஒண்ணும் நிக்கல. பொய் சொல்லி சர்டிபிகேட் வாங்கிட்டேன். என்னால ஒரு பொண்ணுக்கு வேல போச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தார். வேறு ஐந்து வார்த்தைகள் சொன்னார், ஒன்று வந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். ஐசியுவில் நாள் கணக்கில் கிடந்து பிழைத்தவர்களில் பலருக்கு இது உண்டாம். உடம்பின் பலம், ஞாபகமும் கவனமும், மனசு, இந்த மூன்றும் அடிபடும். சிலருக்கு ஒன்று, சிலருக்கு மூன்றும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் தேறும், முழுசாகத் தேறும் என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. பைத்தியம் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. பயிற்சி உண்டு, பயத்துக்குப் பேச ஆள் உண்டு. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, ஆறு மாசத்துக்கு லேசான வேலை குடுக்கச் சொல்லி அப்பவே லெட்டர் எழுதியிருப்பேனேம்மா. நிறைய பேருக்கு எழுதிக் குடுக்கறோம்."

மூன்று மாதம் கறிவேப்பிலை உருவிக்கொண்டே நான் கட்டின கோட்டை அந்த ஒரு வாக்கியத்தில் இடிந்தது. பொய் சொல்லி வாங்கியதைவிட நல்லது, உண்மை சொன்னால் சும்மாவே கிடைத்திருக்கும்.

மறுநாள், டாக்டரம்மா அன்றே எழுதிக் கொடுத்த கடிதத்தோடு கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். பாபுவும் இருந்தார். மேஜையில் வைத்து, "அந்தப் பதினஞ்சாம் நம்பர் சிலிப்பெல்லாம் நான் போட்டது சார். நிர்மலா பண்ணல" என்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். பாபு கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார்.

"அந்தப் பொண்ண நான் ஹால் நடுவுல நிக்க வெச்சுக் கத்தினேன் விஜயாம்மா. நீங்க பக்கத்துலதான் ஒக்காந்துக்கினு இருந்தீங்க."

"ஆமா சார்."

"அப்ப சொல்லலியே?"



திங்கட்கிழமை நிர்மலாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சிலிப் மாற்றிப் போட்டதற்காக எங்கள் இரண்டு பேருக்கும் மெமோ. லைன் லீடர் இடம் வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. என்னை ஷூவுக்குக் கயிறு கோர்க்கிற மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே ஸ்கேனர் சத்தம் வராது. ஒரே மாதிரி வேலை, நம்பர் பார்க்கத் தேவையில்லை. டாக்டரம்மா கேட்டிருந்ததும் இந்த மாதிரி வேலைதான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நிர்மலாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோ நிர்மலா" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள். "நாலு நாளா ஸ்டாப்புல வந்து நின்னேன்க்கா. நீ சொல்லிட்டிருப்ப, என்னைக் கூப்பிட்டுக்குனு போவன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"அப்புறம் வீட்ல ஒக்காந்து யோசிச்சுப் பார்த்தேன். அக்காவுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் நிக்கலியே. யாரு சிலிப்ப எதுல போட்டோம்னே மறந்துட்டிருக்கும், பாவம், அது மேல போய் கோவப்படறமேன்னு எனக்கே ஒரு மாதிரியா ஆயிடுச்சு." அவள் பிசைவதை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அப்படித்தானக்கா? மறந்துட்டதானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளே எனக்குச் சாட்சி. யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அவளே அந்தப் பதிலைத்தான் கேட்டுக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்ல நிர்மலா" என்றேன். "அது மட்டும் நல்லா ஞாபகம் இருந்துச்சு."

நிர்மலா பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து, வேறு மேஜைக்குப் போனாள்.